ஆங்கிலத்தின் 'கை'வரிசை: மரபுத்தொடர்கள் எப்படிப் பொருள் தருகின்றன?

ஆங்கில மரபுத்தொடர்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் ஓயாமல் நடமாடுகின்றன. ஒன்று: "அவற்றுக்குக் காரணம் என்று எதுவுமே கிடையாது, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்." மற்றது அதற்கு நேரெதிர்: "ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கதை தெரிந்துவிட்டால் பொருள் தானாக விளங்கிவிடும்." முதல் பேச்சை நம்பியவர்கள் நூறு தொடர்களை உருப்போட்டு எண்பதை மறக்கிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் கட்டுக்கதைகளைப் பரப்புகிறார்கள். இரண்டும் பாதி சரி. எந்தப் பாதி என்பதைக் 'கை' என்ற ஒரே உறுப்பை வைத்துப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் கையை வைத்து எழுந்த தொடர்கள் ஏராளம். தமிழிலும் அப்படியே என்பதால், இந்த இயக்கம் நமக்கு ஏற்கெனவே பழக்கமானது. அதற்குப் பெயர் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எது மரபுத்தொடர், எது அல்ல

சொற்களின் தனித்தனிப் பொருளைக் கூட்டினால் கிடைக்காத ஒரு பொருளை, வழக்கத்தால் பெற்றுவிட்ட சொற்கூட்டமே மரபுத்தொடர். 'ஹேண்ட்ஸ் டவுன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'கைகள் கீழே' என்று வரும். ஆனால் ஒருத்தி போட்டியில் 'ஹேண்ட்ஸ் டவுன்' வென்றாள் என்றால், எதிராளிக்கு இடமே கொடுக்காமல் மிக எளிதாக வென்றாள் என்று பொருள்.

பழமொழி வேறு. அது தன்னளவில் முழு வாக்கியம். ஓர் அறிவுரையோ அனுபவமோ அதற்குள் முடிந்திருக்கும். புதரில் இருக்கும் இரண்டு பறவைகளைவிடக் கையில் இருக்கும் ஒரு பறவை மேல் என்று ஆங்கிலத்தில் சொல்வது பழமொழி. மரபுத்தொடரோ வேறொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்தால்தான் உயிர் பெறும். கைகுலுக்குவதைக் குறிக்கும் 'ஷேக் ஹேண்ட்ஸ்' செய்யும் செயலையே சொல்கிறது. அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பக்கத்தை நிரப்பும் கையேடுகள் உண்டு. அவற்றை நம்ப வேண்டாம்.

வளையலும் குதிரைப் பந்தயமும்

பள்ளி இலக்கணத்தில் 'காரணச் சிறப்புப் பெயர்' என்று ஒன்று படித்திருப்போம். வளைந்திருப்பதால் 'வளையல்' என்று பெயர். ஆனால் வில்லும் வளைந்திருக்கிறது, கொக்கியும் வளைந்திருக்கிறது. அவற்றை யாரும் வளையல் என்பதில்லை. பெயருக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெயர் எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மரபுத்தொடர்களுக்கும் இதுவே நிலைமை: பொருள் தெரிந்த பிறகு காரணம் புரியும், காரணத்திலிருந்து பொருளை முன்கூட்டிக் கணிக்க முடியாது.

'ஹேண்ட்ஸ் டவுன்' தொடரையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அது 19ஆம் நூற்றாண்டின் குதிரைப் பந்தயத் திடலில் பிறந்தது. பந்தயம் நெருக்கமாக இருக்கும்வரை குதிரையோட்டி கடிவாள வாரை இறுக்கிப் பிடித்திருப்பான். கைகள் உயர்ந்தே இருக்கும், குதிரையை முடுக்கிக்கொண்டே இருக்கும். பின்னால் வருகிற குதிரை இனி எட்டிப் பிடிக்காது என்று உறுதியானதும் வாரைத் தளர்த்துவான். கைகள் கீழே இறங்கும். எல்லைக்கோட்டை அப்படியே கடந்துவிடுவான். பார்வையாளருக்கு அந்த இறங்கிய கைகளே வெற்றியின் அறிவிப்பு. பின்னர் குதிரை போயிற்று, கடிவாளம் போயிற்று. தொடர் மட்டும் தேர்தல், தேர்வு, சமையல் போட்டி என எங்கும் நுழைந்துவிட்டது.

இப்போது எதிர்க்கேள்வி கேட்டுப் பாருங்கள். 'ஹேண்ட்ஸ் அப்' என்பது சரணடையச் சொல்லும் கட்டளை. அப்படியானால் 'ஹேண்ட்ஸ் டவுன்' என்பதற்குச் 'சரணடைய மறுத்தல்' என்று ஏன் பொருள் வரவில்லை? சோர்வு என்றோ தோல்வி என்றோ ஏன் வரவில்லை? வந்திருக்கலாம். மூன்றுக்கும் பொருத்தமான காரணம் காட்ட முடியும். வழக்கம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டது.

இதுவரை பார்த்ததில் நினைவில் நிற்க வேண்டியது ஒன்றுதான்: காரணம் உண்டு, கணிப்பு இல்லை. மனப்பாடக் கட்சி முதல் பாதியை மறக்கிறது. கதைக் கட்சி இரண்டாம் பாதியை மறக்கிறது.

உள்ளே ஓடும் இயந்திரம்

காரணம் என்று எதைச் சொல்கிறோம்? 1996இல் ஹங்கேரிய மொழியியலாளர்கள் ஸோல்டான் கோவெச்செஷ், பீட்டர் ஸபோ இருவரும் மரபுத்தொடர்களின் பொருளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். கை சார்ந்த ஆங்கிலத் தொடர்களை வைத்தே அதில் விளக்கினார்கள். ஆகுபெயர், உருவகம், கையைப் பற்றி எல்லோருக்கும் உள்ள பொது அறிவு ஆகிய மூன்றும் பொருளுக்கு அடித்தளமாக இருக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

ஆகுபெயர் என்பது ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்றால் பழம் தலைக்கு அல்ல, ஆளுக்கு. ஆங்கிலக் கப்பல்களில் தலைக்குப் பதில் கை. 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்றால் மாலுமிகள் அத்தனை பேரும் மேல்தளத்துக்கு வர வேண்டும். இன்று அலுவலகத்தில் அவசர வேலை வந்தால் எல்லோரும் வந்து சேருங்கள் என்பதற்கும் அதுவே அழைப்பு. ஒரு கப்பல் 'வித் ஆல் ஹேண்ட்ஸ்' மூழ்கியது என்று எழுதினால், ஒருவரும் பிழைக்கவில்லை என்று பொருள். பண்ணையில் கூலிக்கு உழைப்பவர் 'ஃபார்ம்ஹேண்ட்'. நீண்ட அனுபவசாலி 'ஓல்ட் ஹேண்ட்'. ஆள் பற்றாக்குறை 'ஷார்ட்ஹேண்டட்'. சீட்டாட்டத்தில் 'ஒரு கை குறைகிறது' என்று நாம் சொல்வதும் இதே கணக்குதான்.

இந்த ஆகுபெயரில் ஒரு கசப்பும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் ஆலை முதலாளிகளும் தொழிலாளரைக் 'கைகள்' என்றே குறிப்பிட்டனர். மனிதனின் எந்த உறுப்பு தங்களுக்குத் தேவையோ அந்த உறுப்பின் பெயரே அவனுக்கும் போதும் என்று இருந்துவிட்டார்கள். வாயும் வயிறும் அந்தப் பெயருக்குள் வரவில்லை.

கையால் எழுதுவதால் கையெழுத்துக்கும் 'ஹேண்ட்' என்றே பெயருண்டு. வேலைத் திறமையும் அப்படியே: புதிதாக ஒன்றை முயன்று பார்ப்பது 'ட்ரை யுவர் ஹேண்ட்'.

உருவகம் சற்று வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாகவே வைத்துப் பேசுவது அது. அதிகாரத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பிடித்திருக்கும் பொருள் நம் வசம் இருக்கிறது, நழுவினால் போய்விடுகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகவே கட்டுப்பாடு என்ற அருவமான கருத்துக்குப் பிடி என்ற அனுபவம் உருவம் கொடுக்கிறது. நிலைமை கட்டுக்குள் இருந்தால் 'இன் ஹேண்ட்', மீறினால் 'அவுட் ஆஃப் ஹேண்ட்'. நாமும் 'கைமீறிப் போய்விட்டது' என்கிறோம். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதல்ல. இரு மொழியினருக்கும் கை ஒன்றுபோலவே வேலை செய்கிறது. ஒருவரை விஞ்சி நிற்பது ஆங்கிலத்தில் 'அப்பர் ஹேண்ட்', தமிழில் 'கை ஓங்குதல்'. 

இந்த உருவகம் எவ்வளவு பழையது என்பதற்கு லத்தீனே சாட்சி. லத்தீனில் கை 'மானுஸ்'. பழைய ரோமானியச் சட்டத்தில் மனைவி மீது கணவனுக்கு இருந்த அதிகாரத்துக்கும் அதே 'மானுஸ்' என்றுதான் பெயர். அடிமையை விடுதலை செய்வது 'மானுமிஸியோ': கையிலிருந்து அனுப்பிவிடுவது. விடுதலையைக் குறிக்கும் 'இமான்சிபேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளும், ஆணையைக் குறிக்கும் 'மாண்டேட்' என்பதற்குள்ளும் இந்தக் கை ஒளிந்திருக்கிறது. ஒரு கட்சிக்கு மக்கள் 'மாண்டேட்' தந்தார்கள் என்று செய்தி வாசிப்பவர், பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள் என்பதையே லத்தீனில் சொல்கிறார்.

உதவி என்ற பொருளுக்கு விளக்கமே வேண்டாம். ஆங்கிலத்தில் உதவிக்கு வருவது 'லெண்ட் எ ஹேண்ட்': கையைக் கடன் கொடுப்பது. உடை நழுவும்போது தானாகவே ஓடிவந்து பிடிக்கும் கையை நட்புக்கு உவமையாக்கிய 788ஆம் குறளைப் படித்தவருக்கு இந்தப் பாதை புதிதல்ல.

சுருக்கமாக: ஆகுபெயரில் கை இன்னொன்றுக்குப் பெயராகிறது. உருவகத்தில் கையின் அனுபவம் இன்னொன்றுக்கு உருவமாகிறது. கை சார்ந்த பெரும்பாலான தொடர்கள் இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ சார்ந்து நிற்கின்றன.

இளகியவையும் உறைந்தவையும்

எல்லாத் தொடர்களும் ஒரே அளவுக்கு இறுகியவை அல்ல. ஜெஃப்ரி நன்பெர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ ஆகிய மூன்று அமெரிக்க மொழியியலாளர்கள் 1994இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினார்கள். சில தொடர்களின் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தச் சொல்லுக்கு எந்தத் துண்டு என்று காட்ட முடியும். சிலவற்றை அப்படிப் பிரிக்கவே முடியாது.

'மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்' முதல் வகை. என் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன, அதாவது விதிகளோ மேலிடமோ என்னைச் செயல்பட விடவில்லை. கைகள் என்றால் செயல்படும் உரிமை. கட்டு என்றால் தடை. இப்படிப் பிரிக்க முடிவதால் தொடரை வளைக்கவும் முடிகிறது. ஒரு தீர்ப்பு அரசின் கைகளைக் கட்டிவிட்டது எனலாம். புதிய சட்டம் கட்டை அவிழ்த்தது எனலாம். ஒரு கை மட்டும் கட்டப்பட்டிருக்கிறது என்று விளையாடவும் செய்யலாம்.

'ஹேண்ட் ஓவர் ஃபிஸ்ட்' இரண்டாம் வகை. ஒருவர் மளமளவென்று பணம் குவிக்கிறார் என்பதற்குச் சொல்வது. 'கை, முட்டிக்கு (மூடிய கைக்கு) மேல்' என்ற நேர்ப்பொருளிலிருந்து பணத்தை எட்டுவது முடியாத காரியம். கப்பலுக்குப் போனால்தான் விளங்கும். பாய்மரக் கயிற்றில் ஏறும் மாலுமி ஒரு கையால் கயிற்றை இறுகப் பிடித்திருப்பான். அந்த மூடிய முட்டிக்கு மேலாக மறு கை தாவிப் பிடிக்கும். உடனே அது முட்டியாகும், கீழே இருந்த கை அதைத் தாண்டும். நிற்காமல், வேகமாக, ஒவ்வொரு பிடியிலும் கொஞ்சம் மேலே. அந்த வேகம் மட்டுமே இன்றைய பொருளில் மிஞ்சியிருக்கிறது. சொற்களை இடம் மாற்றி 'ஃபிஸ்ட் ஓவர் ஹேண்ட்' என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. பன்மையாக்கினாலும் கெட்டுவிடும்.

தொடரை வளைத்துப் பேசத் துணிவதற்கு முன் அது எந்த வகை என்று பார்ப்பது நல்லது. உறைந்ததை வளைத்தால் முறியும்.

இனிக்கும் கதைகள், உண்மைக் கதைகள்

கதைக் கட்சிக்கு ஒரு வார்த்தை. சில தொடர்களின் பிறப்பு நன்றாகவே தெரியும். குற்றத்தைச் செய்துகொண்டிருக்கும்போதே பிடிபடுவது 'ரெட் ஹேண்டட்'. 15ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துச் சட்ட ஆவணங்களிலேயே 'சிவந்த கை' வந்துவிடுகிறது. கையில் ரத்தம் காய்வதற்குள் பிடிபட்டவன் என்பது அதன் பொருள். நமது 'கையும் களவுமாக' என்ற தொடர் இதற்கு மிக நெருங்கிய உறவு. ஆங்கிலக் கையில் கொலையின் ரத்தம் இருக்கிறது, தமிழ்க் கையில் திருடிய பொருள் இருக்கிறது. பொறுப்பை உதறிவிடுவதைக் குறிக்கும் 'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்' மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தைச் சேர்ந்தது. அங்கே ஆளுநர் பிலாத்து, இந்த ரத்தப்பழியில் எனக்குப் பங்கில்லை என்று கூட்டத்தின் முன் தண்ணீர் வாங்கிக் கைகழுவுகிறான்.

ஆனால் சரியாகப் பொருந்துகிற கதை எல்லாம் உண்மைக் கதையாகிவிடாது. 'ஹேண்டிகேப்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஊனமுற்றோர் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுத்ததால் வந்த பெயர் என்று உருக்கமான விளக்கம் ஒன்று பரவிக்கிடக்கிறது. தவறு. அது ஒரு விளையாட்டின் பெயர். இருவர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்புவார்கள். ஒன்றின் மதிப்பு குறைவாக இருந்தால் எவ்வளவு ஈடு கட்ட வேண்டும் என்று ஒரு நடுவர் சொல்வார். இருவரும் பணயக் காசோடு கையைத் தொப்பிக்குள் விட்டு எடுப்பார்கள். கை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சம்மதம் தெரியும். 'ஹேண்ட் இன் கேப்', தொப்பிக்குள் கை. லண்டன்வாசியான சாமுவேல் பெப்பீஸ் 1660 செப்டம்பரில் தன் நாட்குறிப்பில், இதுவரை தான் அறியாத இந்த விளையாட்டை மதுக்கூடத்தில் ஆடியதாகவும் நன்றாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் இந்த 'ஈடுகட்டும்' எண்ணம் குதிரைப் பந்தயத்துக்குப் போனது: வல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிப் போட்டியைச் சமன்செய்தார்கள். எடை ஏற்றுவதிலிருந்து பாதகம், அதிலிருந்து உடற்குறை என்ற பொருள். கடைசிப் படி வெகு பின்னால் வந்தது. பிச்சைக்காரர் கதை அந்தக் கடைசிப் பொருளிலிருந்து பின்னோக்கிக் கட்டியது.

'அப்பர் ஹேண்ட்' பற்றியும் இப்படி ஒன்று உண்டு: பேஸ்பால் மட்டையை இருவர் மாறி மாறிப் பிடித்து, உச்சியில் யார் கை வருகிறதோ அவர் அணிக்கு முதல் வாய்ப்பு என்பார்கள். அந்தத் தொடர் பேஸ்பாலுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக வழக்கில் இருந்தது. இந்த ஒன்றே கதையை முடித்துவிடுகிறது. அனுபவத்தால் போடும் தோராயக் கணக்கைக் குறிக்கும் 'ரூல் ஆஃப் தம்' என்பதற்கு, கட்டைவிரல் தடிமனுள்ள குச்சியால் மனைவியை அடிக்க அனுமதித்த ஆங்கிலச் சட்டம் மூலம் என்பார்கள். அப்படியொரு கருத்தைச் சொன்னதாக நீதிபதி பிரான்சிஸ் புல்லர் 1782இல் கேலிச்சித்திரக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது உண்மை. ஆனால் தொடர் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அச்சில் இருக்கிறது. அங்கே அடியும் இல்லை, மனைவியும் இல்லை.

ஒரு கதை உண்மையா என்று சோதிக்க முதலில் கேட்க வேண்டியது: தொடர் முதலில் எப்போது எழுத்தில் வந்தது, கதை நடந்ததாகச் சொல்லும் காலம் அதற்கு முன்னா பின்னா? பெரும்பாலான கட்டுக்கதைகள் இந்த ஒரு கேள்விக்கே தாங்குவதில்லை.

மூலம் தெரிந்தும் ஏமாறும் இடம்

உண்மைக் கதையே தெரிந்திருந்தாலும் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இயேசு, வலக்கை செய்யும் தருமம் இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்கிறார். விளம்பரமில்லாமல் கொடு என்பதே அறிவுரை. தமிழில் இன்றும் ஒருவரை அப்படிச் சொன்னால் அது பாராட்டு. ஆங்கிலத்தில் ஒரு நிறுவனத்தைப் பற்றி, அதன் இடக்கைக்கு வலக்கை செய்வது தெரியாது என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பிரிவு செய்வது அடுத்த பிரிவுக்குத் தெரியாத குளறுபடி என்று பொருள். சொற்கள் அவையே, மூலமும் அதுவே. மெச்சுதல் போய் ஏளனம் வந்திருக்கிறது. நன்கொடை தரும் நிறுவனத்தைப் புகழ நினைத்து இந்தத் தொடரை ஆங்கில உரையில் நுழைத்தால், அடுத்த ஆண்டு நன்கொடையை மறந்துவிடலாம்.

அடிக்கடி இடறும் சில இணைகள்

'அவுட் ஆஃப் ஹேண்ட்' கட்டுமீறிய நிலையைச் சொல்லும் என்று பார்த்தோம். ஆனால் ஒரு கோரிக்கையை 'அவுட் ஆஃப் ஹேண்ட்' நிராகரித்தார்கள் என்றால், யோசித்துக்கூடப் பார்க்காமல் அங்கேயே தள்ளினார்கள் என்று பொருள். அருகிலுள்ள வினைச்சொல்லே எந்தப் பொருள் என்று காட்டிக்கொடுக்கும். 'செகண்ட் ஹேண்ட்' ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது. கடிகாரத்தைப் பற்றிப் பேசும்போது அது விநாடி முள். ஒருவருக்குக் 'கிவ் எ ஹேண்ட்' என்றால் உதவி. மேடையில் இருப்பவரைக் காட்டி, அவருக்கு 'எ பிக் ஹேண்ட்' கொடுங்கள் என்றால் பலத்த கைதட்டல். 'ஷார்ட்ஹேண்டட்' என்றால் ஆள் குறைவு. 'ஷார்ட்ஹேண்ட்' என்றால் சுருக்கெழுத்து.

இவற்றில் அதிகம் பேரை மாட்டிவிடும் இணை 'ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்', 'ஷோ யுவர் ஹேண்ட்'. முதலாவது, வாக்குச்சீட்டு இல்லாமல் கையை உயர்த்தி முடிவெடுப்பது. இரண்டாவது சீட்டாட்டத்திலிருந்து வந்தது. ஆட்டக்காரரிடமுள்ள சீட்டுகளுக்கு ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' என்று பெயர். ஆகவே அதைக் காட்டுவது என்றால் மறைத்து வைத்த திட்டத்தை வெளிப்படுத்துவது. கூட்டத்தின் தலைவர் 'ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்' கேட்டால் கையைத் தூக்குங்கள். பேரம் நடக்கும் மேசையில், இப்போதைக்கு 'ஷோ யுவர் ஹேண்ட்' வேண்டாம் என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னால், எவ்வளவு வரை இறங்கி வருவீர்கள் என்பதை எதிர்த்தரப்புக்குத் தெரியவிடாதீர்கள்.